கம்போடியாவுக்கு எட்டு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

குடந்தை ஆசிரியர் கேட்டது:

வணக்கம். நான் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். வரும் தை மாதம், காணும் பொங்கல் கழிந்த கையோடு புறப்பட்டு, மனைவியுடன் எட்டு நாள் கம்போடியாவுக்குச் சென்றுவர எண்ணியிருக்கிறேன். தாராசுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் எத்தனையோ முறை பார்த்த கண்களுக்குக் கெமர் மன்னர்கள் எழுப்பிய கோயில்களையும் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை.

பயண ஏற்பாட்டாளர் ஒருவரிடம் நிரல் கேட்டேன். நான்கு நாளில் பதினெட்டுக் கோயில்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவற்றுள் தாய்லாந்து எல்லையில் மலைமேல் இருக்கும் பிரே விஹியரும் அடங்கும். எஞ்சிய நாள்கள் புனோம் பென் நகரின் கடைத்தெருவுக்கும் படகு விருந்துக்கும் போய்விடுகின்றன. அதைப் படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. சுவாமிமலையின் அறுபது படிகளையே இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் ஏறுவார். இருவரும் சைவ உணவுக்காரர்கள்.

இந்த நிரலில் எதை விடலாம், எதைச் சேர்க்கலாம், ஏற்பாட்டாளர் துணையின்றி நாங்களே போய்வர இயலுமா என்பதைச் சென்றுவந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். இன்னொன்றும் கேட்க வேண்டும். அங்கோர் வாட்டைக் கட்டியவர்கள் சோழர்களே என்று எங்கள் உறவினர் குழுவில் வாரத்துக்கு ஒருமுறை செய்தி வருகிறது. அதில் உண்மை எவ்வளவு?

மயிலாடுதுறை வாசகி எழுதிய பதில்:

ஐயா, வணக்கம். எழுபது வயதைத் தாண்டிய என் தாயாருடன் சென்றுவந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பதினெட்டை ஏழாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் மாலைக்குள் எல்லாக் கோபுரமும் ஒரே கோபுரமாகத் தெரியத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு பார்ப்பவை நிழற்படத்தில் மட்டுமே மிஞ்சும்.

பிரே விஹியரை முதலில் நீக்கிவிடுங்கள். 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமான அரிய சிவாலயம்தான் அது. ஆனால் 2025 ஜூலையில் அந்த எல்லையில் கம்போடியாவுக்கும் தாய்லாந்துக்கும் இடையே பீரங்கிச் சண்டையே நடந்தது. உங்கள் ஏற்பாட்டாளர் பழைய நிரலைத் திருத்தாமல் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். பாங்காக்கிலிருந்து தரை வழியாக உள்ளே போகலாம் என்று யாரேனும் சொன்னாலும் அந்த யோசனையை இப்போது எடுத்துக்கொள்ள வேண்டாம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் சென்று, அங்கே விமானம் மாறி, அங்கோர் கோயில்களுக்கு அருகிலுள்ள சியம் ரீப் ஊரில் இறங்குவதே நமக்கு எளிது. திரும்புவதைப் புனோம் பென்னிலிருந்து வைத்துக்கொண்டால் வந்த வழியே மீண்டும் போக வேண்டியதில்லை. சியம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. அது ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பதால், நள்ளிரவில் இறங்கும் விமானத்தைத் தவிர்ப்பது நல்லது.

அங்கோர் வளாகத்துக்கு ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர், ஏழு நாள் சீட்டு 72 டாலர். வாங்கும்போதே உங்கள் படத்தை எடுத்துச் சீட்டில் அச்சிட்டுவிடுவார்கள். ஆகவே ஒருவர் சீட்டில் மற்றவர் போக முடியாது. மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் விரும்பிய மூன்று நாள்களில் பயன்படுத்தலாம் என்பதுதான் உங்களைப் போன்றவர்களுக்கு முக்கியம். ஒரு நாள் கோயில், மறுநாள் ஓய்வு என்று வைத்துக்கொண்டால் முழங்கால் உங்களை வாழ்த்தும்.

அங்கோர் வாட்டில் எல்லோரும் விடியற்காலை ஐந்து மணிக்கே குளக்கரையில் இடம்பிடித்துச் சூரியன் எழுவதைப் படமெடுப்பார்கள். நாங்கள் அதை விட்டுவிட்டு, அந்தக் கூட்டம் காலை உணவுக்குத் திரும்பிய பிறகு உள்ளே போனோம். மேல்தளத்துக்கு ஏறும் படிகள் மிகச் செங்குத்தானவை, அம்மா ஏறவில்லை. அவருக்கு அது இழப்பாகவே தோன்றவில்லை, ஏனென்றால் அந்தக் கோயிலின் உயிர் கீழ்த்தளத்துச் சுற்றுமண்டபச் சுவர்களில் இருக்கிறது. குருக்ஷேத்திரப் போர், இலங்கைப் போர், சொர்க்க நரகக் காட்சிகள், ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி என்று சுவர் முழுவதும் நமக்குத் தெரிந்த கதைகளே. வழிகாட்டி ஒவ்வொரு சுவரின்முன்னும் நின்று ஆங்கிலத்தில் பெயரைச் சொல்வதற்குள் அம்மா தமிழில் முழுக்கதையையும் எனக்குச் சொல்லி முடித்துவிடுவார்.

ஒரு வேடிக்கையையும் கவனியுங்கள். மேற்கு வாயிலில் நுழைந்து, சிற்பங்கள் அமைந்த வரிசையிலேயே நடந்தால் நாம் இடமாகச் சுற்றிக்கொண்டிருப்போம். கோயிலில் வலம்வந்தே பழகிய அம்மா பாதி வழியில் நின்று, “இது தப்பான சுற்றல்லவா?” என்று கேட்டார். நீத்தார் சடங்குக்கு உரிய அந்த இடச்சுற்றையும், கோயில் மேற்கு நோக்கி இருப்பதையும் வைத்துத்தான் இது, கட்டிய மன்னன் இரண்டாம் சூரியவர்மனின் நீத்தார் நினைவுக்கும் உரியதாக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அம்மாவின் ஐயம் அவ்வளவு சாதாரணமானதன்று.

நீங்கள் கட்டாயம் சேர்க்க வேண்டியது பந்தே ஸ்ரே. முக்கிய வளாகத்திலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வடக்கே தள்ளி இருக்கிறது. அதே சீட்டுச் செல்லும். 967இல் குடமுழுக்குக் கண்ட சிறிய சிவன் கோயில். கட்டியவர் அரசருமல்லர், யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர். இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரத்தைச் செதுக்குவதுபோலச் செதுக்கியிருக்கிறார்கள். கயிலையை அசைக்கும் இராவணனும், எரிக்கப்படும் காமனும் அங்கே உண்டு. இவற்றைவிட நம் பக்கத்து மனிதருக்கு நெஞ்சைத் தொடுவது ஒன்று இருக்கிறது: உட்சுற்றின் கிழக்கு வாயில் முகப்பில் ஆடும் சிவனின் காலடியில், வற்றிய உடலுடன் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணுருவம். அதைக் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் கீழே அம்மையாரைப் பார்த்திருப்பீர்கள். பந்தே ஸ்ரே அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முந்தியது. மாங்கனித் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் காரைக்கால் போய்வரும் எங்கள் வீட்டில் அந்தப் படத்தைப் பூசையறையில் மாட்டியிருக்கிறோம்.

பாயோன், தா புரோம் கோயில்கள் இரண்டும் உங்கள் நிரலிலேயே இருக்கும்; அவற்றைப் பற்றி நான் நீட்டவில்லை. தா புரோமில் மரவேர்கள் கோயிலைக் கவ்விப் பிடித்திருக்கும் இடங்களைச் சீரமைக்கும் பணியில் நம் இந்தியத் தொல்லியல் துறையினரும் இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஆற்றுப்படுகையில் ஆயிரம் இலிங்கங்கள் செதுக்கிய கபால் ஸ்பியனுக்குப் பாறையும் வேருமான வழியில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற வேண்டும். அம்மாவை வைத்துக்கொண்டு நான் போகவில்லை. நீங்களும் போக வேண்டாம்.

திருவாரூர் உழவர் எழுதிய பதில்:

கோயிலைப் பற்றி அம்மையார் நிறைவாகச் சொல்லிவிட்டார். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். காவிரிக் கடைமடைக்காரன் வேறு எதைப் பேசுவான்?

ஐயா, கெமர் நாட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் தொன்லே சாப் ஏரியில் அரை நாளாவது இருந்துவிட்டு வாருங்கள். புனோம் பென் அருகே மீகாங் பேராற்றுடன் கலக்கும் தொன்லே சாப் ஆறு, கோடையில் ஏரியிலிருந்து மீகாங்கை நோக்கி ஓடுகிறது. மழைக்காலத்தில் மீகாங் பெருகி எதிர்த்துத் தள்ளுவதால் அதே ஆறு திசை மாறி, ஏரியை நோக்கி ஓடுகிறது. வறண்ட மாதங்களில் ஏறக்குறைய 2,500 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் ஏரி, வெள்ளக் காலத்தில் 10,000 சதுரக் கிலோமீட்டரையும் தாண்டி விரிகிறது. சுற்றியுள்ள காடு மூழ்கி, மரக்கிளைகளுக்கிடையே மீன் குஞ்சு பொரிக்கிறது. வெள்ளம் வடியும்போது வயலுக்கு வண்டலும் வலைக்கு மீனும் கிடைக்கின்றன. ஆறு மீண்டும் திரும்பும் காலத்தில், கடெக் மாத முழுநிலவையொட்டிப் படகுப் போட்டிகளுடன் தண்ணீர்த் திருவிழா எடுக்கிறார்கள். கடெக் என்பது நம் கார்த்திகை என்ற பெயரின் உறவுதான். ஆடிப்பெருக்கில் நாம் வரும் தண்ணீரை வணங்குகிறோம். அவர்கள் வடியும் தண்ணீரைக் கொண்டாடுகிறார்கள்.

நான் 2023 நவம்பரில் சிங்கப்பூரில் இருக்கும் மகனுடன் போனேன். சியம் ரீப்புக்குத் தென்கிழக்கே கம்போங் பிளுக் என்ற ஊரில் வீடுகள் எல்லாம் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலான மரக்கால்களின்மேல் நிற்கின்றன. நீங்கள் போகும் தை மாதத்தில் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருக்கும். படகு ஓடும், ஆனாலும் மாசி பங்குனிக்குத் தள்ளிப்போட்டால் சேற்றைத்தான் பார்ப்பீர்கள். படகுத்துறையில் ஓர் எச்சரிக்கை: அரிசி மூட்டை வாங்கிப் பள்ளிக்குக் கொடுங்கள் என்று வற்புறுத்தி இரண்டு மடங்கு விலை சொல்வார்கள். நெல் விளைவிக்கிறவனிடமே அரிசி விலையைச் சொல்லி ஏமாற்றப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன்.

படகோட்டியோடு சைகையும் அரைகுறை ஆங்கிலமுமாகப் பேசியதில் ஒன்று புரிந்தது. மேலே அணைகள் கூடக்கூட வெள்ளம் வரும் நாளும் அளவும் மாறிப் போகின்றன என்று அவர் கவலைப்பட்டார். ஜூன் 12 வருகிறதென்றால் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கப் போகும் எனக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அங்கோரில் கோயிலுக்குக் காட்டும் கவனத்தில் கால்பங்கை ஏரிகளுக்கும் காட்டுங்கள். மேற்கு பாராய் என்ற வெட்டிய ஏரி ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதே நூற்றாண்டில் இங்கே இராசேந்திரன் சோழகங்கம் வெட்டினான். நம்முடையது இன்று பொன்னேரி என்ற பெயரோடு பெரும்பாலும் தூர்ந்து கிடக்கிறது. அவர்களுடையதில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் நீந்துகிறார்கள். கரையில் பாய்விரித்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்களோடு ஒரு மாலைப்பொழுது இருந்துவிட்டு வந்தால் போதும். அதற்குச் சீட்டும் வேண்டாம், படியும் ஏற வேண்டாம்.

குடந்தை ஆசிரியர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பிரே விஹியரை நீக்கிவிட்டேன். ஏற்பாட்டாளரையும் ஏறக்குறைய நீக்கிவிட்டேன். காரைக்கால் அம்மையார் செய்தியைச் சொன்னதும், முழங்காலைக் காரணம் காட்டித் தயங்கிக்கொண்டிருந்த என் மனைவி பெட்டியையே எடுத்து வைத்துவிட்டார். இப்போது சியம் ரீப்பில் ஐந்து நாள், புனோம் பென்னில் இரண்டு நாள் என்று வைத்திருக்கிறேன். இடையில் பயணத்துக்கு ஒரு நாள் முழுவதும் வீணாகிறதே என்பதுதான் குறை. சோழர் பற்றிய கேள்விக்கும் யாரேனும் விடை சொல்ல வேண்டுகிறேன்.

சிதம்பரம் கல்வெட்டு ஆர்வலர் எழுதிய பதில்:

அந்த ஒரு நாளை வீணாக்க வேண்டியதில்லை, ஐயா. பேருந்துக்குப் பதிலாக ஒரு மகிழுந்தை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு ஆறாம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அதிகாலையிலேயே புறப்படுங்கள். வழியில் கம்போங் கடேயில் அங்கோர் காலத்துச் செம்புறைக்கல் பாலம் ஒன்று 80 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் இன்றும் நிற்கிறது. அதையும் தாண்டிக் கம்போங் தோம் நகரின் வடக்கே உள்ளே சென்றால் சம்போர் பிரே குக் வரும். ஏழாம் நூற்றாண்டில் ஈசானவர்மன் ஆண்ட ஈசானபுரம் இதுவே. 2017இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சுவர்களில் பறக்கும் மாளிகைகளைச் செதுக்கிய செங்கற் கோயில்களும் எண்கோண வடிவக் கோயில்களும் நிழலான காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன, பெரும்பாலும் சமதரை. அங்கோர் நகரம் தோன்றுவதற்கு இருநூறு ஆண்டுகள் முந்திய இந்தக் கோயில்களைப் பார்க்காமல் அங்கோரை மட்டும் பார்ப்பது, மாமல்லபுரத்தை விட்டுவிட்டுத் தஞ்சையை மட்டும் பார்ப்பதற்கு ஒப்பாகும் என்பது என் கருத்து. அன்று மாலையே புனோம் பென் சேர்ந்துவிடலாம். தொலைவான இடங்களில் வகுத்த பாதையை விட்டுக் காட்டுக்குள் கால்வைக்க வேண்டாம். போர்க்காலத்துக் கண்ணிவெடிகள் அந்நாட்டில் முற்றும் அகற்றப்படவில்லை.

இனி உங்கள் உறவினர் குழுவின் செய்திக்கு வருவோம். அங்கோர் வாட்டைக் கட்டியவன் 1113இல் ஆட்சிக்கு வந்த கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன். திருமாலுக்கு அதைக் கட்டினான். சோழர் அந்நாட்டை ஆண்டதுமில்லை, அங்கே கோயில் கட்டியதுமில்லை. கெமர்க் கல்வெட்டுகள் வடமொழியிலும் பழங்கெமரிலும் உள்ளன. எழுத்து மட்டும் தென்னிந்தியப் பல்லவ எழுத்தின் வழிவந்தது. இந்தத் தொடர்பே போதிய பெருமை தரும். பிறர் உழைப்பை நம் பெயரில் எழுதிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அங்குள்ள வழிகாட்டிகளிடம் இதைச் சொல்லி வாதிடும் தமிழர்களைக் கண்டு நான் தலைகுனிந்திருக்கிறேன்.

உண்மையான தொடர்புக்குச் சான்று தேடி நீங்கள் விமானம் ஏற வேண்டியதே இல்லை. இராசேந்திர சோழனின் கரந்தைச் செப்பேடுகள், காம்போச நாட்டு, அதாவது கம்போடிய, மன்னன் தன் தேரை அவனுக்குப் பரிசாக அனுப்பியதைச் சொல்கின்றன. எங்கள் தில்லைக் கோயிலில் உள்ள முதற்குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு, காம்போச மன்னன் காட்சிப் பொருளாகக் கொடுத்த ஒரு கல்லைப் பற்றியும், அதை மன்னன் ஆணைப்படி எதிரம்பலத்தில் பதித்ததைப் பற்றியும் பேசுகிறது. அதன் காலம் 1114; அதாவது சூரியவர்மன் அரியணை ஏறிய மறு ஆண்டு. ஒருவரையொருவர் அறிந்து மதித்த இரண்டு அரசுகள் என்று சொல்வதே பொருந்தும். அளவிலும் ஒரு சுவையான ஒற்றுமை உண்டு: தஞ்சை விமானத்தின் உயரத்தை 216 அடி என்று வழக்கமாகச் சொல்கிறோம், அங்கோர் வாட்டின் நடுக்கோபுரம் தரையிலிருந்து 65 மீட்டர், அதாவது ஏறக்குறைய 213 அடி.

புனோம் பென்னில் இரண்டு நாளும் போதும். முதல் நாள் தேசிய அருங்காட்சியகம். புனோம் டா மலையிலிருந்து கொண்டுவந்த கோவர்த்தனம் தூக்கும் கண்ணனை நிதானமாகப் பாருங்கள். இரண்டாம் நாள் துவோல் சிலெங். பள்ளிக்கூடமாக இருந்த அந்தக் கட்டடத்தைக் போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் என்ற தீவிரப் பொதுவுடைமை ஆட்சியினர் 1975க்குப் பின் சிறையாகவும் வதைக்கூடமாகவும் ஆக்கினார்கள். 1979 ஜனவரியில் அந்த ஆட்சி வீழ்வதற்குள் நாட்டில் ஏறக்குறைய 17 இலட்சம் பேர் மாண்டனர். நீங்கள் ஆசிரியர் என்பதால் சொல்கிறேன்: கரும்பலகை இருந்த வகுப்பறைகளில், கைதிகளைப் பிணைத்து வைத்த இரும்புக் கட்டில்களைக் காண்பது எளிதன்று. உங்கள் மனைவிக்கு விருப்பமில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். ஆனால் போகாமல் திரும்பினால், இன்று அந்த நாட்டில் முதியவர்களை அவ்வளவு அரிதாகக் காண்பது ஏன் என்பது உங்களுக்கு விளங்காது.

கெமர் கோயில்கள் கம்போடியாவோடு முடிந்துவிடவும் இல்லை. லாவோசில் வாட் பூ, தாய்லாந்தில் அணைந்த எரிமலையின்மேல் இருக்கும் புனோம் ருங், சமவெளியில் உள்ள பிமாய் ஆகியவை இன்னொரு பயணத்துக்கு உரியவை.

மயிலாடுதுறை வாசகி:

உணவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன், ஐயா. அங்கே காய்கறிக் குழம்பு என்று கேட்டாலும் மீன்சாறும் பிரஹோக் என்ற புளித்த மீன்விழுதும் சேர்ந்திருக்கும். மரக்கறி உணவைக் குறிக்க அவர்கள் வழங்கும் சொல் ‘புவஸ்’ என்பதுபோல் ஒலிக்கும்; விடுதிக்காரரிடம் சொல்லி, மீன்சாறும் வேண்டாம் என்பதைக் கெமர் எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக் கடைதோறும் காட்டுங்கள். காலையில் தெருவோரத்தில் விற்கும் நோம் பான்சோக் நம் சேவையைப் போலவே அரிசிமாவைப் பிழிந்து செய்வது. பார்த்ததும் கை நீளும். ஆனால் மேலே ஊற்றுவது மீன் குழம்பு. சியம் ரீப்பிலும் புனோம் பென்னிலும் இந்திய உணவகங்கள் உண்டு. சம்போர் பிரே குக் போகும் நாளுக்கு மட்டும் கையோடு புளியோதரை மாதிரி ஏதேனும் கட்டிக்கொள்ளுங்கள்.

சுற்றுலா நுழைவிசைவை அரசின் இணையதளத்தில் மட்டும் பெறுங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் கட்டணம் பறிக்கும் தளங்கள் பல உள்ளன. கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். எங்கும் டாலர் செல்லும். சில்லறையை ரியெலில் தருவார்கள், ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000. டாலர் தாளின் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் வாங்கமாட்டார்கள். என் இருபது டாலர் தாள் ஒன்று நாடு முழுவதும் சுற்றிவிட்டு என்னோடே மயிலாடுதுறைக்குத் திரும்பி வந்தது. கோயில்களுக்குத் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். வேட்டியும் புடவையும் கட்டும் உங்களுக்கு அது ஒரு பொருட்டன்று.

பந்தே ஸ்ரே காலை ஏழரைக்குத் திறக்கிறது. அம்மையார் இருக்கும் முகப்பு கிழக்கு நோக்கியது என்பதால் ஒன்பது மணிக்குள் போனால் வெயில் நேராக அவர்மேல் விழும். உருவம் சிறியது, உயரத்தில் இருக்கிறது. வீட்டில் தொலைநோக்கி இருந்தால் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.